ரெண்டு பூட்டுக் கதவு

நீங்க சன்னலோரமா உக்காருங்க. காத்து நல்லா வரும். எனக்கு வேண்டாமுங்க, நான் இக்கட்டாலயே இருந்துக்கறேன். பொழுது சாயற நேரம், வெயில் நேரா மூஞ்சிக்கு அடிக்குது, அதனால துண்டைத் தலையில போட்டுக்கறேன். வேற ஒண்ணுமில்லீங்க.

வண்டி இப்ப நகராது. டிரைவரு எறங்கிப் போயி மரத்தடியில உக்காந்துட்டாரு, அப்பவே தெரிஞ்சுக்கோணும். முன்னால வாய்க்காப் பாலத்து மேல சனம் உக்காந்திருக்குது. காலையில இருந்து உக்காந்திருக்காங்களாம். நேத்தே தண்ணி விடறதாச் சொல்லி ஏமாத்திட்டாங்க, இனி வாய்க்கால்ல தண்ணியக் கண்ணுல பாத்தாத்தான் எந்திரிப்போமுன்னு சொல்றாங்களாம். பின்னால திரும்பவும் வழியில்ல. நமக்குப் பின்னால எஸ்டேட் லாரி, அதுக்குப் பின்னால டூரிஸ்ட் வேனு. எறங்கி நடந்து அந்தப் பக்கம் போயி வேற வண்டி புடிக்கலாமேங்கறீங்களா? நீங்க தாராளமாப் போலாம். என்னாலதான் முடியாது. ஏன்னு சொல்றேன், இருங்க.

நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? காங்கேயம். சரி. சர்க்கார் உத்தியோகமுங்களா? மிக்ஸி ரிப்பேரா. எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போயிப் பாத்துட்டு வர்றீங்களா. நல்ல தொழிலுங்க. ஒருத்தருகிட்டயும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்ல.

எம் பேரு தண்டபாணி. மேல பூவாறை அணையில நம்ம பொதுப்பணி டிபார்ட்மென்ட் ஆளு, ஒர்க் இன்ஸ்பெக்டர். அந்த அணை இருக்கறது கேரளா மண்ணுல. கட்டினது நாம. மழை ரெண்டு பேருக்கும் பொது. மலைக்குள்ள சுரங்கம் வெட்டி, நம்ம பங்குத் தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்குது. சுரங்கத்து வாயில தண்ணிய அடைக்கற ஒரு சட்டர். சட்டருக்கு மேல ஒரு ரூம். அந்த ரூமுக்கு ஒரே கதவு. அந்த ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டு. ஒண்ணு நம்முது, ஒண்ணு அவங்குளுது. நம்ம சாவி எங்கிட்ட. அவங்க சாவி ஔசேப்புங்கறவன்கிட்ட. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னாத்தான் கதவு தொறக்கும்.

அந்த ரெண்டு பூட்டு ரோசனை என்னுதுங்க. முன்னால எல்லாம் ஒரே பூட்டுத்தான். ஒரு வருசம் அவங்க சொல்லாம சட்டரை எறக்கிட்டாங்கன்னு நாம கோர்ட்டுக்குப் போக, நாம சொல்லாம ஏத்திட்டோமுன்னு அவங்க போக, ரெண்டு பக்கத்துப் பெரிய ஆபீசருங்களும் ரூமுக்கு முன்னால நின்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. நான் டீ எடுத்துட்டுப் போனவன், ஆளுக்கொரு பூட்டுப் போட்டுக்குங்களேனுங்கன்னேன். அத்தோட அந்தச் சண்டை நின்னுச்சு. அப்புறம் யாரு பூட்டு மேல தொங்கறது, யாரு பூட்டு கீழ தொங்கறதுன்னு ஒரு வருசம் ஓடுச்சு. கடைசியில கதவையே மாத்தி, ரெண்டு நாதாங்கியையும் ஒரே மட்டத்துல வெச்சு அடிச்சாங்க.

ரூலும் நாஞ்சொன்னதுதான். சாவி வெச்சிருக்கறவன் சாவிய உடம்பை விட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரு ஸ்டேட்டுச் சாவி அடுத்த ஸ்டேட்டுக்காரன் கைக்குப் போகக் கூடாது. ரெண்டு பேருல ஒருத்தன் ரூமை விட்டு வெளிய வந்தான்னா, தம் பூட்டைப் போட்டுட்டுத்தான் அக்கட்டால நகரோணும், இல்லாட்டி மத்தவன் சட்டரைத் திருகிப் போடுவான். பூட்டை உடைக்கறதுன்னா ரெண்டு பக்கத்துக் கூட்டுக் குழுவும் ஒத்துக்கோணும். எல்லாத்தையும் ஆபீசருங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க. எம் பேரு எங்கயும் வரல, அது வேற விசயம்.

ஔசேப்பு கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் குவார்ட்டர்ஸுக்கும் எங்குவார்ட்டர்ஸுக்கும் ஒரே செவுரு. நான் தனியாளு, ஊட்டுக்காரியும் பொண்ணும் கீழ டவுன்ல. அவனும் தனியாளுதான், அவன் குடும்பம் அவன் ஊர்ல. ஆனா மீன் கொழம்பு வெச்சான்னா பொழுதோட ஒரு தட்டுல மூடி எம் படியில வெச்சுட்டுப் போவான். அதெல்லாம் சாயங்காலம். காலையில அணைத் தண்ணி அளவுகோல் பாக்கப் போறப்ப அவன் கேரளா, நான் தமிழ்நாடு. ரெண்டு பேரும் ஒண்ணாக் குனியோணும், ஒண்ணாப் பாக்கோணும், ஒண்ணா நிமிரோணும். அலையடிக்கற நாள்ல நான் ஒரு கோடும்பேன், அவன் ஒரு கோடும்பான். தண்ணி அடங்கற வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்போம்.

போன வருசம் என்ன ஆச்சுன்னா, எம் மக சுகந்திக்கு நிச்சயதார்த்தம். மத்தியானத்துக்கு மேல நல்ல நேரம் குறிச்சிருந்தாங்க. காலையில சட்டர் திருகுக்கு கிரீஸ் போட்டுட்டு பஸ் ஏறிக்கலாமுன்னு கணக்குப் போட்டேன். போனோம், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டைத் தொறந்தோம். எம் பூட்டை நான் மடியில வெச்சுக்கிட்டேன், அவன் அவன் பூட்டை நாதாங்கியிலயே தொங்க விட்டான். நான் உள்ள உக்காந்து கிரீஸ் அப்பிக்கிட்டிருக்கறேன், அவனுக்குப் போனு வருது. அவன் ஊட்டம்மா கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோமுன்னு. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு. "அண்ணா, நான் போறேன்"னு ஓடினான். ஓடினவன் வாசல்ல நின்னு, கதவைச் சாத்தி, அவன் பூட்டைப் போட்டுட்டு ஓடினான்.

வேணுமுன்னு செய்யலீங்க. கை பழகிப் போச்சு. ரூமை விட்டு வெளிய வந்தாப் பூட்டோணும். வந்தான், பூட்டினான். உள்ள ஒரு ஆளு இருக்கறது அவன் மனசுக்குத் தெரியும், கைக்குத் தெரியல.

கத்திப் பாத்தேன். சுரங்கத்துக்குள்ள தண்ணி விழுகற சத்தத்துல எங்குரல் எனக்கே கேக்கல. போன் அடிச்சா அவன் மலைப்பாதையில போயிட்டிருக்கான், டவர் இல்ல. எம் பூட்டு எம் மடியில தொறந்து கெடக்குது, எஞ்சாவி எங்கையில இருக்குது. ரெண்டும் இருந்து என்னத்துக்கு ஆகும்?

சேதி போயி, மத்தியானத்துக்குள்ள ரெண்டு பக்கத்து எஞ்சினீயருங்களும் ஜீப்புல வந்துட்டாங்க. சன்னல் கம்பி வழியா வாழப்பழம் குடுத்தாங்க. தண்ணி பாட்டல் கம்பிக்குள்ள நுழையல, மூடி மூடியா ஊத்திக் குடுத்தாங்க. காலுக்குக் கீழ ஒரு அணைத் தண்ணி கெடக்குது, நான் மூடியில நக்கிக் குடிக்கறேன். நம்ம எஞ்சினீயரு பூட்டை உடைங்கன்னாரு. எங்க பூட்டை நீங்க எப்படி உடைப்பீங்கன்னாரு அவங்க எஞ்சினீயரு. அப்ப நீங்களே உடைங்கன்னாரு இவரு. நாங்க உடைச்சா அதுக்கு யாரு பொறுப்புன்னாரு அவரு. குழு செயலாளருக்குப் போன் போட்டா, அவரு மீட்டிங்ல இருக்காராம்.

அப்ப அவங்க பிட்டர் ஒருத்தன், அவன் பாட்டுக்கு ஆக்ஸா பிளேடை எடுத்துட்டு வந்துட்டான். நான் அறுத்துடறேன் சாரே, நீங்க யாரும் பாக்கலைன்னு வெச்சுக்கலாமுன்னான்.  ரெண்டு எஞ்சினீயரும் மெல்ல அணைப் பக்கமாத் திரும்பி நின்னு தண்ணியப் பாக்கறாங்க. அவ்வளவு வருசத்துல அந்த ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒத்துமையா ஒண்ணு செஞ்சது அதுதான்.

நான் உள்ள இருந்து கேட்டேன். "ஏம்ப்பா, ஆர்டர் இருக்குதா?"

அவ்வளவுதான் கேட்டேன். ரெண்டு பேரும் இப்படித் திரும்பிட்டாங்க. பிட்டர் பிளேடைக் கீழ வெச்சுட்டான். நம்ம எஞ்சினீயரு என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதை விடுங்க. நீங்களே சொல்லுங்க, கேக்காம இருக்க முடியுமா? நாளைக்கு கோர்ட்டுல, அன்னைக்கு பூட்டை அறுத்தப்ப உள்ள இருந்தது யாருன்னு கேட்டா? தமிழ்நாட்டு ஆளுன்னுதான் சொல்லுவாங்க. தனியா, சட்டரோட. நான் நம்ம தண்ணிக்காகத்தானுங்க கேட்டேன்.

பூங்கொடி, அதாவது எம் பொண்டாட்டி, போன் போட்டா. எங்க இருக்கறீங்க, மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்கன்னு. நடந்ததை எல்லாஞ் சொன்னேன், பிளேடு விசயமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.  எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னா, "உங்களை யாரும் பூட்டுலீங்க. நீங்களே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க." வெச்சுட்டா. அவளுக்கு ரூல் தெரியாதுங்க. பூட்டினது ஔசேப்பு, அதுல என்ன சந்தேகம்?

எம் மச்சான் நாச்சிமுத்து எங்கெடத்துல உக்காந்து வெத்தலத் தட்டு மாத்தினான். போட்டோ வந்துச்சு. புதுத் துண்டு போட்டுக்கிட்டு, பொண்ணைப் பெத்தவன் மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கான். அதைப் பாத்தப்ப வயிறு எரிஞ்சுச்சு. இப்பவும் எரியுது.

பொழுது எறங்கறப்பத்தான் ஔசேப்பு வந்து தொறந்தான். ஊட்டம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு போச்சு. அவங்களை ஆஸ்பத்திரியில போட்டுட்டு, இந்தச் சாவிக்காகத் திரும்பி வந்திருக்கான். எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். நான் ஒரு வார்த்தை பேசல. ரொம்ப நாளைக்குப் பேசல. படியில தட்டு வெப்பான், அப்படியே இருக்கும். காலையில மட்டும் ஒண்ணாக் குனிஞ்சு ஒண்ணா நிமிருவோம்.

இப்ப இன்னைக்கு விசயத்துக்கு வர்றேன். நாளைக்கு விடிகாலையில எம் பொண்ணுக்கு முகூர்த்தம். ஆமாங்க, நாளைக்குத்தான். லீவு எப்பவோ குடுத்துட்டாங்க. எனக்குப் பதிலா ஒருத்தன் வந்து சாவிய வாங்கிக்கோணும். நேத்து வர்றேன்னான், வரல. இன்னைக்குக் காலையில வர்றேன்னான். இப்ப எங்க இருக்கான் தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது பாருங்க ஒரு பச்சை பஸ்ஸு, அதுக்குள்ள. அவன் அங்க, நான் இங்க, நடுவுல சனம். அவனும் டிபார்ட்மென்ட் ஆளுதானே, எறங்கி நடந்து வரப் பயப்படறான்.

கெளம்பறப்ப ஔசேப்பு எம் படியில வந்து நின்னான். சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ, ஆர்டர் வந்தா நான் தொறந்து விடறேன், ஒருத்தருக்கும் தெரியாதுன்னான். இவன் கேரளாக்காரன். நம்ம சாவி. எப்படிக் குடுப்பேன்? பஸ்ஸு ஹாரன் அடிக்குது. இதை விட்டா முகூர்த்தத்துக்கு வேற வண்டி இல்ல. எடுத்துட்டு வந்துட்டேன். இங்கதான் இருக்குது, அரணாக்கயித்துல முடிஞ்சு வெச்சிருக்கறேன். கீழ போயி அந்தப் பையன்கிட்டக் குடுத்துக்கலாமுன்னு நெனச்சேன்.

பாதி மலை எறங்கறப்ப ஆபீசரு போன் பண்றாரு. தண்ணி விட ஆர்டர் வந்திருச்சாம். ஔசேப்பு அவன் பூட்டைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறானாம். சாவி எங்கய்யான்னாரு. பத்திரமா எங்கிட்டத்தானுங்க இருக்குதுன்னேன். அவரு சொன்ன வார்த்தைய உங்ககிட்டச் சொல்ல முடியாது.

அதேதானுங்க. அவங்க உக்காந்திருக்கறது தண்ணிக்கு. தண்ணி நிக்கறது இந்தச் சாவிக்கு. சாவி நிக்கறது அவங்க உக்காந்திருக்கறதுக்கு. நான் தண்ணி விட மாட்டேன்னா சொன்னேன்? அவங்க வழிய விட்டா நான் அந்தப் பையன்கிட்டக் குடுத்துருவேன், அவன் மேல போயித் தொறந்துருவான். மொதல்ல வழிய விடோணுமல்ல?

மெதுவாப் பேசுங்க. எறங்கி நடக்க முடியாதுன்னது இதனாலதான். அவங்க எல்லாருக்கும் எம் மூஞ்சி தெரியும். சாவிக்காரன்னுதான் கூப்புடுவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு மறியல்ல என்னைச் சுத்திப் புடிச்சு, சட்டையக் கிழிச்சு, வாய்க்காலுக்குள்ள நிக்க வெச்சாங்க. வறண்ட வாய்க்கா, மணல் சுடுது. வயசான ஒருத்தரு ஒண்ணுமே பேசாம எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுதான் பயமா இருந்துச்சு. இப்பவும் வண்டி வண்டியா எட்டிப் பாக்கறாங்க, டிபார்ட்மென்ட் ஆளு யாராவது இருக்காங்களான்னு. சாவி என் இடுப்புல இருக்குதுன்னு தெரிஞ்சா என்ன ஆகுமுன்னு நெனச்சுப் பாருங்க. துண்டைச் சித்த இழுத்து விட்டுக்கறேன்.

நீங்க டீ குடிக்க எறங்கினீங்களே, அப்ப சுகந்தி போன் பண்ணினா. பின்னால சனம் பேசற சத்தம், மோளம் சரி பாக்கற சத்தம் எல்லாங் கேக்குது. அம்மிணி, அப்பா வந்துட்டே இருக்கறேன்னேன். அவ சொன்னா, "வந்தா வாங்கப்பா. வராட்டியும் பரவாயில்ல. மாமா தாரை வாத்துக் குடுத்துருவாங்க, சொல்லி வெச்சுட்டேன்."

கோவமாச் சொல்லலீங்க. அழுதுட்டுச் சொல்லியிருந்தா தேவலை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வெச்ச மாதிரி சொல்றா. அவ பொறந்தப்ப நான்தான் மொதல்ல கையில வாங்கினேன். அவ கையைப் புடிச்சு இன்னொருத்தன் கையில வெச்சு, மேல தண்ணி ஊத்திக் குடுக்கோணும், ஒரு அப்பனுக்கு அந்தக் கலியாணத்துல வேலையே அது ஒண்ணுதான். அதையும் நாச்சிமுத்து ஊத்துவானாம். எனக்குத் தாங்கலீங்க. இத்தனை வருசம் ரெண்டு ஸ்டேட்டுத் தண்ணியக் காத்தவன், எம் பொண்ணுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்த முடியலன்னா நான் எதுக்கு?

அந்தக் கண்ணாடியில பாருங்க, பின்னால ஒரு ஸ்கூட்டர் வருதா? லாரிக்கும் பாறைக்கும் நடுவுல நுழைஞ்சு வர்றான் பாருங்க. நீலச் சட்டை. ஹெல்மெட் இல்லாம. அவந்தான். அவனேதான். கடவுளே, இங்க வரைக்கும் வந்துட்டானா. ஆறு மணிக்கு வனத்துறை கேட்டை மூடிட்டா திரும்பி மேல போக முடியாதே இவன்.

ஔசேப்பு, மெல்லப் பேசு. இவரு நமக்குத் தெரிஞ்சவருதான், காங்கேயம். என்ன? கேட்டீங்களா அவன் சொல்றதை? "அண்ணா, ஒண்ணு சாவியத் தா. இல்லேல் பின்னால கேறி உக்காரு, நீயே வந்து தொற. மோள் கல்யாணம் அல்லே, அண்ணா. சமயம் இல்ல."

ஏறிப் போனா ரூல்படி இருக்கும். ஆனா நான் மேல இருப்பேன், எம் பொண்ணு மணவறையில இருப்பா. சாவியக் குடுத்தா, எங்கையில இருந்து அவன் கைக்கு, ஒரு ஸ்டேட்டுல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு. அது முடியாது. சாகற வரைக்கும் அது முடியாது ஔசேப்பு, நீ கைய நீட்டாத.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

நீங்க காங்கேயம்தானுங்களே? மிக்ஸி ரிப்பேரு. சர்க்கார் ஆளு இல்ல. கேரளா ஆளும் இல்ல. நான் ரூலு சொன்னப்ப மிக்ஸி ரிப்பேர்காரரைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

சித்த அந்தப் பக்கம் பாருங்க, வேட்டியத் தளத்திக்கறேன். முடிச்சு எறுகிக் கெடக்குது.  ம். வந்துருச்சு. இந்தாங்க. பத்திரமா வெச்சிருங்கன்னு உங்ககிட்டக் குடுக்கறேன், அவ்வளவுதான் நாஞ்செய்யறது. இப்ப நான் இப்படித் திரும்பிக்கறேன். நீங்க சன்னலோரம் உக்காந்திருக்கறவரு, வெளிய கைய நீட்டுவீங்க, மடக்குவீங்க, அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

குடுத்துட்டீங்களா? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம்.

ஸ்கூட்டர் சத்தம் போயிருச்சா? போயிருச்சு. அவன் போயிருவான், அந்த வளைவெல்லாம் அவனுக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டற பழக்கம். ஊட்டம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்காமயே விட்டுட்டேன் பாருங்க. தண்ணி சுரங்கத்துல பூந்து, மலை எறங்கி, இந்தப் பாலத்துக்கு வந்து சேர்றதுக்கும் பொழுது விடியறதுக்கும் சரியா இருக்கும். தண்ணியப் பாத்தா இவங்க எந்திரிப்பாங்க. எந்திரிச்சா வண்டி போகும். போனா, மணவறைக்கு அவ வர்றதுக்கு முன்னால போயிருவேனா, வந்து உக்காந்ததுக்கு அப்புறமான்னு தெரியல. நாச்சிமுத்து சொம்பைத் தூக்கறதுக்கு முன்னால போயிட்டாப் போதும்.

என்னங்க? இதைக் கெளம்பறப்பவே பண்ணியிருக்கலாமேங்கறீங்களா?

அப்ப நீங்க இல்லீங்களே.